வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (இறப்பு: ஜனவரி 20, 1823) பிரித்தானியத் தரைப்படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் பின்னி அளந்த மாபெரும் முக்கோணவியல் நில அளவையைத் தொடங்கியவர் இவரே. அந்த அளவையின் முதல் அடிக்கோடு 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள் சென்னையின் தெற்கே, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அளக்கத் தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து இமயமலையின் உயரங்களைக் கணிக்க உதவிய முக்கோண வலையும் இதன் தொடர்ச்சியே. எனினும் உலகின் மிக உயர்ந்த சிகரம் இவருக்குப் பின்வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. லாம்டனின் பெயர் சென்னையிலேயே பரவலாக அறியப்படவில்லை.

இளமையும் அமெரிக்கப் பணியும்

லாம்டன் இங்கிலாந்தின் வடக்கு யார்க்சயரில், நார்த்தாலர்ட்டன் என்னும் ஊருக்கு அருகே எளிய வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிறந்த ஆண்டு நூல்களில் 1753 முதல் 1756 வரை வேறுபட்டுக் காணப்படுகிறது. கணிதத்தில் கொண்டிருந்த தேர்ச்சி இவரைப் படைக்குள் கொண்டு சென்றது. 1780களின் தொடக்கத்தில் 33 ஆவது காலாட்படைப் பிரிவில் சேர்ந்த இவர், அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் பல ஆண்டுகள் இன்றைய கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் பணியாற்றினார். எல்லைகளையும் குடியேற்ற நிலங்களையும் அளக்கும் பழக்கம் அங்குதான் ஏற்பட்டது. சூரிய கிரகணம் ஒன்றைப் புகைபிடித்த கண்ணாடி இல்லாமல் பார்த்ததால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார் என்று கூறப்படுகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியைத் தொலைநோக்கி வழியே பார்ப்பதில் கழித்த ஒருவருக்கு இது நேர்ந்தது வியப்புக்குரியது.

சீரங்கப்பட்டணம்

1790களின் பிற்பகுதியில் 33 ஆவது பிரிவு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அதன் தளபதி ஆர்தர் வெல்லசுலி. பின்னாளில் வெலிங்டன் கோமகன் என்று அறியப்பட்டவர். 1799 இல் திப்பு சுல்தானுக்கு எதிரான நான்காம் மைசூர்ப் போரில் லாம்டன், தளபதி டேவிட் பெயர்டின் கீழ்ப் பணியாற்றினார்.

அப்போரின்போது நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று இவருடைய இயல்பை நன்கு காட்டுகிறது. இரவில் பெயர்டின் படை நகர்ந்து கொண்டிருந்தபோது, தாங்கள் தெற்கே செல்லவில்லை, வடக்கே திப்புவின் படை வரிசையை நோக்கிச் செல்கிறோம் என்று லாம்டன் எச்சரித்தார். விண்மீன்களின் நிலையைக் கொண்டு அதனை உணர்ந்திருந்தார். பெயர்டு முதலில் நம்பவில்லை. பின்னர் வெளிச்சம் கொண்டுவந்து காந்த ஊசியைப் பார்த்தபோது லாம்டன் கூறியதே சரியாக இருந்தது.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் கொல்லப்பட்டார். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடைப்பட்ட பெரும் நிலப்பரப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. கைப்பற்றிய நிலத்தின் சரியான வரைபடம் கம்பெனியிடம் இல்லை. லாம்டனின் திட்டம் இந்தச் சூழலில்தான் பிறந்தது. போர் நடந்திராவிட்டால் அதற்குப் பணம் ஒதுக்க எந்த அரசும் முன்வந்திராது என்றே கருதலாம்.

ஆனால் கம்பெனி விரும்பியதும் லாம்டன் விரும்பியதும் ஒன்றல்ல. கம்பெனிக்கு வேண்டியவை பாதைகள், ஆறுகள், கோட்டைகள், வரி விதிக்கத்தக்க ஊர்கள். லாம்டன் அறிய விரும்பியது பூமியின் வடிவம். பூமி துருவங்களில் தட்டையானது என்பது 18 ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டிலும் லாப்லாந்திலும் பிரெஞ்சு அறிவியலாளர்கள் செய்த அளவைகளால் தெரிந்திருந்தது. எவ்வளவு தட்டையானது என்பது உறுதியாகவில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே நீண்ட தீர்க்கரேகை வில் ஒன்றை அளந்தால் இதற்கு விடை கிடைக்கும். தென்னிந்தியா அதற்கு ஏற்ற இடமாக இருந்தது. வரைபடம் என்ற பெயரில் அறிவியல் ஆய்வுக்கு அனுமதி கேட்ட இத்திட்டத்தை வெல்லசுலி பரிந்துரைத்தார். அன்றைய சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஏற்றுக்கொண்டார்.

பரங்கிமலை அடிக்கோடு

முக்கோண அளவையின் அடிப்படை எளிமையானது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடிப்பக்கங்களாகின்றன. ஆக, தரையில் நேரடியாக அளக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம். மற்றவை எல்லாம் கோணங்களும் கணக்கும். அந்த ஒரு பக்கமே அடிக்கோடு எனப்படுகிறது. அதில் நேரும் பிழை அடுத்தடுத்த முக்கோணங்களுக்கெல்லாம் அதே விகிதத்தில் பரவும் என்பதால் அதனை அளப்பதில் மிகுந்த கவனம் தேவை.

1800 இல் பெங்களூருக்கு அருகே ஒரு சோதனை அளவை செய்த பின்னர், லாம்டன் சென்னையைத் தேர்ந்தெடுத்தார். வடக்கு முனையாகப் பரங்கிமலையும் தெற்கு முனையாகப் பெரும்பாக்கம் குன்றும் அமைந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 40,000 அடி, அதாவது ஏறத்தாழ ஏழரை மைல் (12 கிலோமீட்டர்). கோடு ஏறக்குறைய வடக்குத் தெற்காகச் செல்கிறது. அன்று வயலும் ஏரியும் சதுப்புமாக இருந்த தட்டையான நிலம் அது. இன்று மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம் ஆகிய புறநகர்கள் இந்நிலப்பரப்பில் உள்ளன. அடையாற்றுக்குத் தெற்கே கட்டடங்கள் அடர்ந்துவிட்ட இப்பகுதியில் இன்று பரங்கிமலையின் உச்சியில் ஏறினால்தான் லாம்டன் ஏன் இந்த இடத்தை விரும்பினார் என்பது விளங்கும்.

அளக்கப் பயன்பட்ட எஃகுச் சங்கிலிக்கும் ஒரு வரலாறு உண்டு. இலண்டனின் புகழ்பெற்ற கருவி வினைஞர் ஜெசி ராம்சுடன் செய்த 100 அடிச் சங்கிலி அது. மெக்கார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்குக் கொண்டு சென்ற பரிசுப் பொருள்களுள் ஒன்றாக இருந்து, அங்கு ஏற்கப்படாமல், குழுவில் இருந்த டின்விடி என்ற அறிவியலாளருடன் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. அவரிடமிருந்து அது லாம்டனுக்காக வாங்கப்பட்டது.

சங்கிலி தரையில் இழுத்து அளக்கப்படவில்லை. முக்காலிகளின் மேல் மட்டமாக நிறுத்தப்பட்ட நீண்ட மரத் தொட்டிகளுக்குள் கிடத்தப்பட்டு, வெயில் நேரடியாகப் படாதவாறு காக்கப்பட்டது. உடன் வைத்த வெப்பமானிகளின் அளவு ஒவ்வொரு முறையும் குறிக்கப்பட்டது. பின்னர் தொட்டிகளும் முக்காலிகளும் முன்னே நகர்த்தப்பட்டன. இவ்வாறு 400 முறை செய்ய வேண்டியிருந்தது. பணி மே 22 அன்று நிறைவடைந்தது. கடைசி மூன்று வாரங்கள் அக்கினி நட்சத்திர வெயிலில் கழிந்தன.

வெப்பமானி எதற்கு என்று கேட்கலாம். எஃகு வெப்பத்தில் நீளும். 100 அடி எஃகுச் சங்கிலி ஒரு பாகை செல்சியசு வெப்பம் கூடினால் ஏறத்தாழ 0.37 மில்லிமீட்டர் நீளுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் 400 முறை சேர்ந்தால் அது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஆகிவிடும். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் காலைக்கும் நண்பகலுக்கும் இடையே பத்துப் பாகை வேறுபாடு இயல்பானது. இதனைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அடிக்கோடு ஒன்றரை மீட்டர் வரை பிழைபட்டிருக்கும்.

இந்தக் கவனத்தின் பயன் 1804 இல் தெரிந்தது. பரங்கிமலை அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்கிட்டுப் பெங்களூர் சென்றடைந்தபோது, அங்கே மற்றோர் அடிக்கோடு நேரடியாக அளந்து சரிபார்க்கப்பட்டது. ஏழு மைலுக்கும் மேல் நீண்ட அக்கோட்டில் கணக்குக்கும் நேரடி அளவுக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவாகும்.

நுங்கம்பாக்கம் வானாய்வகம்

முக்கோணங்கள் இடங்களுக்கிடையே உள்ள தூரத்தைத் தரும். அந்த வலை உலக உருண்டையில் எங்கே பொருந்துகிறது என்பதை அவை தாமாகச் சொல்லா. அதற்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் உறுதியாகத் தெரிந்த ஒரு புள்ளி வேண்டும். 1792 இல் நுங்கம்பாக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட சென்னை வானாய்வகம் அப்புள்ளியை அளித்தது. லாம்டனின் தீர்க்கரேகைகள் அதிலிருந்தே கணக்கிடப்பட்டன. அவ்வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுடன், நுங்கம்பாக்கத்திலுள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

வானாய்வகத்தை ஒட்டி 1794 இல் மைக்கேல் டாப்பிங் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். லாம்டனின் உதவியாளர்கள் பலர் இங்குப் பயின்றவர்களே. இப்பள்ளியே பிற்காலத்தில் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று.

கோபுரங்களின் மேல் அளவை

அடிக்கோடு அளந்து முடிந்த சில மாதங்களில் இங்கிலாந்திலிருந்து பெரிய தியோடலைட்டு வந்து சேர்ந்தது. கோணங்களை அளக்கும் இக்கருவியை வில்லியம் கேரி என்பவர் செய்திருந்தார். இதன் வட்டம் மூன்றடி விட்டம் கொண்டது. எடை ஏறத்தாழ அரை டன். வரும் வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டு, கருவி மொரீசியசில் இறக்கப்பட்டது. அது அறிவியல் கருவி என்று கண்டு பிரெஞ்சு அதிகாரிகள் அதனைச் சென்னைக்கே அனுப்பி வைத்தனர். இரு நாடுகளும் பகைமை கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது குறிப்பிடத்தக்கது.

முதலில் சோழமண்டலக் கரையோரம் கடலூர் வரையும், பின்னர் மேற்கே மங்களூர்க் கடற்கரை வரையும் முக்கோணங்கள் சென்றன. 1805 அளவில் தீபகற்பத்தின் அகலம் தெளிவாயிற்று. அதுவரை வரைபடங்கள் 400 மைல் என்று காட்டிய தூரம் உண்மையில் சுமார் 360 மைலே இருந்தது. இந்தியாவின் வரைபடம் ஒரே அளவையில் 40 மைல் சுருங்கிவிட்டது எனலாம்.

இதன்பின் லாம்டன், 78 ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்குத் தெற்காகச் செல்லும் பெரும் வில்லைத் தம் முதன்மைப் பணியாகக் கொண்டார். மலைகள் உள்ள இடங்களில் உச்சிக்கு உச்சி பார்ப்பது எளிது. காவிரிக் கழிமுகத்தில் மலை ஏது? நெல்வயலும் தென்னையும் மறைக்கும் அந்தச் சமவெளியில் கோயில் கோபுரங்களே குன்றுகளாயின.

1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த விபத்து நடந்தது. தியோடலைட்டைக் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணங்களைக் காட்டும் பித்தளை வட்டம் வளைந்து உருக்குலைந்தது. வேறொருவராயிருந்தால் பணியை நிறுத்தியிருப்பார். இங்கிலாந்திலிருந்து புதுக்கருவி வர ஆண்டுகள் ஆகும். லாம்டன் தம் கூடாரத்தில் தனித்திருந்து, ஏறத்தாழ ஆறு வாரங்கள் உழைத்து, வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து மீண்டும் வடிவுக்குக் கொண்டுவந்தார். அதே கருவியே தொடர்ந்து பயன்பட்டது. 1809 இல் பெரும் வில்லின் தென்முனை குமரிமுனைப் பகுதியை எட்டியது.

எதிர்ப்புகள்

இப்பணி எங்கும் வரவேற்கப்பட்டது என்று சொல்ல இயலாது. வங்காளத்தை அளந்து புகழ்பெற்ற ஜேம்சு ரென்னல், விண்மீன்களைக் கொண்டு இடங்களைக் குறித்தாலே போதும் என்று கருதினார். சென்னை அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த ஒருவர், சீரங்கப்பட்டணம் போக விரும்புபவர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதுமே, அதற்கு இத்தனை செலவில் அளவை எதற்கு என்று கேட்டாராம். செலவு பார்ப்பவரின் கேள்வியாக அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

உள்ளூர் மக்களின் ஐயம் வேறு வகையானது. கம்பெனிப் படையினர் கோயிலிலும் குன்றிலும் ஏறி நின்று, தங்கள் ஊரையும் வீடுகளையும் கண்ணாடி வழியே பார்ப்பதை அவர்கள் விரும்பவில்லை. கொடிகளும் காவலர்களுமாக வந்த அளவைக் குழுவைப் படையெடுப்பின் முன்னோட்டமாகவே பல பாளையங்களும் சிற்றரசுகளும் கண்டன. அந்த அச்சத்திற்கு அடிப்படை இருந்தது. அளக்கப்பட்ட நிலம் ஆள எளிதானது.

உடன் உழைத்தோர்

லாம்டனின் குழுவில் ஐரோப்பியர் மிகச் சிலரே. கோணங்களைக் குறித்துக் கணக்கிட்ட உதவியாளர்களுள் முதன்மையானவர் ஜோசுவா டி பென்னிங். இவர் சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்று, இளம் வயதிலேயே லாம்டனிடம் சேர்ந்து, அவர் இறக்கும் வரை உடனிருந்தார். அப்பள்ளியின் தொடக்ககால மாணவர்களுட் பலர், ஐரோப்பியப் படையினருக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்து ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த சிறுவர்கள். படையின் உயர் பதவிகள் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை.

அவர்களுக்கும் கீழே கலாசிகள், கொடி பிடிப்போர், சுமை தூக்குவோர், காடு வெட்டுவோர், காவல் வீரர்கள் இருந்தனர். அரை டன் கருவியை ஒவ்வொரு குன்றின் உச்சிக்கும் தூக்கிச் சென்றவர்கள் இவர்களே. விண்மீனின் உயரத்தை எந்த இரவில் யார் குறித்தார் என்பதை இன்றும் பதிவேடுகளில் காணலாம். கருவியைச் சுமந்தவர்களின் பெயர்களை அவ்வாறு காண இயலாது.

பணியின் அபாயமும் சிறிதன்று. 1819 இல் கிருட்டிணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காடுகளில் எவரெஸ்ட் தலைமையில் சென்ற ஏறத்தாழ 150 பேர் கொண்ட குழு முழுவதும் காய்ச்சலில் விழுந்தது. 15 பேர் இறந்தனர். எவரெஸ்ட் உடல்நலம் தேற நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார்.

படையாளர்களாக இருந்த பிற ஆய்வாளர்கள்

லாம்டன் தனித்த எடுத்துக்காட்டு அல்லர். கணிதம், வரைவு, வானியல் ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களைக் கம்பெனியின் படைகளிலேயே எளிதில் காண முடிந்தது. ஊதியமும் காவலும் பயண வசதியும் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தன. ஆகவே நாட்டை ஆராயும் பணி பெரும்பாலும் படை அதிகாரிகளிடமே சென்றது.

அவர்களுள் காலின் மெக்கன்சி முதன்மையானவர். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த இவரும் சீரங்கப்பட்டண முற்றுகையில் பங்கேற்றவர். பின்னர் மைசூரை அளந்து, 1815 இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார். லாம்டன் கோணங்களைச் சேர்த்தார் என்றால் மெக்கன்சி சுவடிகள், கல்வெட்டுகள், ஊர் வரலாறுகள் ஆகியவற்றைச் சேர்த்தார். காவலி போரய்யா, காவலி லட்சுமய்யா சகோதரர்களின் உதவியின்றி இது நடந்திராது. இத்தொகுப்பின் பெரும்பகுதி சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது.

லாம்டனின் படைப்பிரிவைச் சேர்ந்த ஜான் வாரன் பிரெஞ்சு நாட்டுப் பின்னணி கொண்டவர். கோலார்ப் பகுதியில் ஊர்மக்கள் மண்ணிலிருந்து பொன் எடுப்பதை நேரில் கண்டு எழுதியவரும், சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தைக் கவனித்தவரும் இவரே. 1825 இல் சென்னையில் வெளியான இவருடைய 'காலசங்கலிதம்' தென்னிந்திய நாட்காட்டி முறைகளை விளக்குகிறது. புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுதுகருவி எதுவுமின்றித் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததை வாரன் அதில் பதிவு செய்துள்ளார். கிரகணத்தின் தொடக்கத்தை அவர் சில நிமிடப் பிழையுடன் கூறினார். அளக்க வந்த படை அதிகாரி, இங்கே ஏற்கெனவே இருந்த கணிதத்தை மதித்துக் குறித்துக்கொண்ட அரிய தருணங்களுள் இது ஒன்று.

இறுதிக் காலமும் விளைவுகளும்

1818 இல் அளவை சென்னை அரசிடமிருந்து கல்கத்தாவின் பொறுப்புக்கு மாறி, மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்ற பெயரைப் பெற்றது. வங்காளப் பீரங்கிப் படையின் அதிகாரியான ஜார்ஜ் எவரெஸ்ட் லாம்டனின் உதவியாளராக நியமிக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் லாம்டன் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். எழுபது வயதை நெருங்கிய நிலையிலும் களப்பணியை விடவில்லை. ஐதராபாத்திலிருந்து நாக்பூருக்குச் செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிரத்தின் வார்தா மாவட்டத்திலுள்ள இங்கண்காட் என்னும் ஊரில் 1823 ஜனவரி 20 அன்று காலமானார். இருபது ஆண்டுகளில் இவருடைய முக்கோணங்கள் ஏறத்தாழ 1,65,000 சதுர மைல் பரப்பை மூடியிருந்தன.

நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே செல்லச் செல்ல ஒரு பாகையின் நீளம் கூடுகிறது என்பதை இவ்வளவைகள் உறுதி செய்தன. சில இடங்களில் எண்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தன. நிலத்தடியிலுள்ள அடர்த்தி மிக்க பாறைகள் தூக்குநூலைச் சற்றுப் பக்கவாட்டில் இழுக்கின்றன என்று லாம்டன் ஊகித்தார். பின்னாளில் புவியீர்ப்பு ஆய்வுகளுக்கு இவ்வகைக் குறிப்புகள் வழிகாட்டின. இவருடைய வில்லின் அளவுகளைப் பயன்படுத்தி எவரெஸ்ட் 1830 இல் வகுத்த பூமியின் வடிவ அளவே, 2005 இல் புதிய தேசிய வரைபடக் கொள்கை வரும்வரை இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களுக்கு அடிப்படையாக இருந்தது.

பெரும் வில் 1841 இல் இமயமலை அடிவாரத்தை எட்டி, ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளத்துடன் நிறைவு பெற்றது. அதனுடன் இணைந்த முக்கோணங்களின் வழியே, 15 ஆம் எண்ணிட்ட சிகரம் உலகிலேயே உயர்ந்தது என்று 1852 இல் ராதாநாத் சிக்தார் கணித்தார். 1856 இல் ஆண்ட்ரூ வாகு அதனை அறிவித்து, தமக்கு முன் தலைமை வகித்த எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார்.

நினைவிடங்கள்

லாம்டனின் கல்லறை இங்கண்காட்டில் உள்ளது. பரங்கிமலையில் இவருக்கு மார்பளவுச் சிலை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. புனித தோமையார் ஆலயத்தைக் காண வருபவர்களுள் அதனைக் கவனிப்போர் குறைவு. 2004 இல் இந்திய அஞ்சல் துறை மாபெரும் முக்கோணவியல் நில அளவையின் நினைவாக வெளியிட்ட அஞ்சல்தலைகளில், முக்கோண வலையுடன் ராதாநாத் சிக்தாரும் திபெத்தை நடந்தே அளந்த நயின் சிங்கும் இடம்பெற்றனர்.